உறைகுளிரில் செயின்சா: பெட்ரோலா, பேட்டரியா, ஒயரா?

"குளிர் நாட்டில் பெட்ரோல் செயின்சாதான் சரி, பேட்டரியெல்லாம் படுத்துவிடும்" என்று மரம் அறுப்பவர்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. குளிரில் இரண்டு ரகம் உண்டு. பூஜ்ஜியத்தை ஒட்டி ஐந்து டிகிரி மேலும் கீழுமாக, ஈரத்தோடு வரும் குளிர் ஒன்று. மைனஸ் 15-க்குக் கீழே, ஈரமே இல்லாத வறண்ட குளிர் இன்னொன்று. பெட்ரோல் மெஷினுக்கு அதிகத் தலைவலி கொடுப்பது முதல் ரகம். பேட்டரியைச் சாய்ப்பது இரண்டாவது. ஒயர் மெஷினுக்கு மோட்டாரில் பிரச்சினை கிடையாது, ஒயரில்தான்.

இங்கே ஒப்பிடுவது 40 முதல் 50 சிசி வரையுள்ள பெட்ரோல் மெஷின், 36 வோல்ட் பேட்டரி மெஷின், வீட்டுக் கரண்டில் ஓடும் 2000 வாட் ஒயர் மெஷின் ஆகிய மூன்றையும். மூன்றிலும் 35 முதல் 40 செ.மீ. பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு.

காலையில் முதல் ஸ்டார்ட்

இந்த ஒரு விஷயத்தில் பேட்டரிக்கும் ஒயருக்கும் போட்டியே இல்லை. சுவிட்சை அழுத்தினால் ஓடும். பெட்ரோல் மெஷினுக்குத்தான் சடங்குகள் அதிகம்.

குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது, ஆவியாகாத பெட்ரோல் பற்றாது. குளிர் நாடுகளில் பெட்ரோல் பங்க்குகளில் விற்கும் பெட்ரோலே பருவத்துக்குப் பருவம் மாறும். குளிர்காலச் சரக்கு சீக்கிரம் ஆவியாகும்படி தயாரிக்கப்படுகிறது. கோடையில் கலந்து வைத்த கேனை டிசம்பரில் எடுத்து ஊற்றிவிட்டு மெஷினைத் திட்டுவதில் அர்த்தமில்லை. 50-க்கு 1 கலவை, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில், எல்லாப் பருவத்துக்கும் ஒன்றுதான். குளிருக்கென்று ஆயிலைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டும் கலந்தால் போதும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். ஃபில்டர் கிடப்பதும் அங்கேதான். அங்கே கிடக்கும் ஈரம் உறைந்தால் பெட்ரோல் வரத்தே நின்றுவிடும். ஆல்கைலேட் பெட்ரோல் என்று டின்னில் அடைத்து விற்பதில் எத்தனால் இல்லை, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தாலும் கெடாது. விலை அதிகம். தினமும் வேலை செய்பவருக்கு அது கட்டாயமில்லை. குளிர்காலத்தில் நான்கைந்து முறை மட்டும் மெஷினைத் தொடுபவருக்கு, கார்புரேட்டர் கழுவும் கூலியோடு ஒப்பிட்டால், அதுதான் மலிவு.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் சுவிட்சை ஆஃபில் வைத்து கயிற்றை மூன்று நான்கு தடவை மெதுவாக இழுக்கவும். உள்ளே இறுகிக் கிடக்கும் எண்ணெய்ப் படலம் இளகும், கயிற்றுச் சுருளில் பனி ஒட்டியிருந்தால் விடுபடும். பிறகு செயின் பிரேக்கைப் போட்டு, மெஷினைத் தட்டையான தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் மிதித்து, முழு சோக்கில் (காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டும் நிலை) இழுக்க வேண்டும். முதலில் ஒரு சின்ன 'பக்' சத்தம் வரும். குளிரில் அது மிகவும் மெல்லியதாக இருக்கும், காது மூடி போட்டிருந்தால் கேட்காமலே போகும். அதைக் கவனித்துச் சோக்கைக் குறைக்காமல் முழு சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் ஓவராகி பிளக் நனைந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் சோக்கை முழுவதும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு இழுப்பு இழுக்கலாம். அப்படியும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, இடைவெளி 0.5 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்ட வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் உடனே ரேஸ் கொடுக்கக் கூடாது. பிஸ்டன் அலுமினியம், சடாரென்று சூடேறி விரியும். சிலிண்டரோ குளிர்ந்த துடுப்புகளோடு கனமாக இருப்பதால் மெதுவாகத்தான் விரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள மயிரிழை இடைவெளி போய்விட்டால் பிஸ்டன் உரசிக் கீறும். கழற்றிப் பார்த்தால் பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில் நெட்டுக்குத்தாகக் கீறல் இருக்கும். குளிர் சீஸ், அதாவது குளிரில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்வது, என்பதற்கு அதுதான் அடையாளம். ஒன்று இரண்டு நிமிடம் மிதமாக ஓடவிட்டு, சிலிண்டர் மூடியைத் தொட்டால் வெதுவெதுப்பு தெரிந்த பிறகு மரத்தில் வைப்பது போதுமானது. இப்படிச் சூடேற்றும்போது பிரேக் போட்டபடி வேகமாக ஓடவிடக் கூடாது, கிளட்ச் கருகும்.

கார்புரேட்டரில் பனி: பெட்ரோலின் பலவீனம்

பெட்ரோல் மெஷினை வாங்கலாமா என்று யோசிப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கார்புரேட்டரின் குறுகலான வாயில் காற்று வேகமெடுக்கும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் அங்கே வெப்பம் பல டிகிரி இறங்கிவிடும். வெளியே 3 டிகிரி, மூடுபனி என்றால் உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே. காற்றிலுள்ள ஈரம் த்ராட்டில் தகட்டிலும் ஜெட்டைச் சுற்றியும் பனியாக ஒட்டும். மைனஸ் 20-ல் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அந்தக் காற்றில் ஒட்டுவதற்கு ஈரமே இல்லை.

அடையாளம் எளிது. மெஷின் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், சில நிமிடம் நன்றாக அறுக்கும், பிறகு ஐடிலில் தடுமாறி நிற்கும். ஐந்து நிமிடம் சும்மா வைத்தால் மறுபடி ஓடும், ஏனென்றால் எஞ்சின் சூட்டில் பனி உருகியிருக்கும். இந்த நேரத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பத் தொடங்குபவர்கள்தான் அதிகம். கோளாறு ட்யூனிங்கில் இல்லை.

இதற்கான தீர்வை ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற கம்பெனிகள் மெஷினிலேயே வைத்திருக்கின்றன. சிலிண்டருக்கும் கார்புரேட்டர் அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் ஒரு சிறு மூடியோ நகரும் தகடோ இருக்கும். அதைக் கழற்றித் திருப்பி மாட்டினால் சிலிண்டரின் சூடான காற்று கார்புரேட்டர் பக்கம் வரும். ஸ்டார்ட்டர் பக்கக் காற்று வழியைப் பாதி மறைக்கும் குளிர்கால மூடி சில மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கும். பனித்தூளை மெஷின் உறிஞ்சாமல் அது தடுக்கும். எத்தனை டிகிரியில் மாற்ற வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சில கையேடுகள் 10 டிகிரிக்குக் கீழே என்கின்றன, சில 0 அல்லது மைனஸ் 5 என்கின்றன. பழைய மெஷின் வாங்குபவர் அந்த மூடி தொலைந்துவிட்டதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெயில் வந்ததும் பழையபடி திருப்பி வைக்காவிட்டால் எஞ்சின் சூடேறி பிஸ்டன் போகும். குளிர் விட்டபின் கெடும் மெஷின்களில் இந்த மறதிக்கு ஒரு பங்கு உண்டு.

கடுங்குளிரில் பெட்ரோலுக்கு வேறொரு விஷயம் இருக்கிறது. மைனஸ் 20-ல் காற்று, 20 டிகிரியில் இருப்பதைவிட சுமார் 15 சதவீதம் அடர்த்தி. அதே ஸ்க்ரூ நிலையில் காற்று கூடிப் பெட்ரோல் குறையும், அதாவது கலவை மெலியும். மெஷின் கீச்சென்று அதிக வேகத்தில் ஓடும், ஆளுக்கு "இன்று நல்ல பவர்" என்று தோன்றும். ஆனால் பெட்ரோலோடு போக வேண்டிய ஆயிலும் குறைந்துதான் போகிறது. அதிவேகத்துக்கான பெட்ரோல் அளவை வைக்கும் ஹெச் ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று அளவாக இடப்பக்கம் திறந்து, கையேட்டில் உள்ள அதிகபட்ச ஆர்.பி.எம்.மைத் தாண்டாதபடி டேக்கோமீட்டரில் (சுழல்வேகம் காட்டும் கருவி) பார்த்து வைக்க வேண்டும். காதை நம்பிச் செய்ய நிறைய அனுபவம் வேண்டும்.

இந்த வேலையே வேண்டாம் என்றால் எலக்ட்ரானிக் கார்புரேட்டர். ஸ்டில்லில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவில் ஆட்டோட்யூன். காற்றின் அடர்த்தி மாறினால் தானே கலவையைத் திருத்திக்கொள்ளும். காலையில் மைனஸ் 18, மதியம் மைனஸ் 2 என்று மாறும் இடத்தில் கொடுத்த காசுக்கு இது தகும். கார்புரேட்டரில் பனி ஒட்டுவதை இது தடுக்காது, மூடியைத் திருப்பும் வேலை அப்படியே இருக்கும். கைப்பிடிச் சூட்டோடும் கார்புரேட்டர் ஹீட்டரோடும் வரும் மாடல்களும் இருக்கின்றன. ஈரக்குளிரில் நாள் முழுக்க வேலை செய்பவருக்கு எலக்ட்ரானிக் ட்யூனிங்கைவிட அந்த ஹீட்டர்தான் பயன்.

ஏர் ஃபில்டரில் வலையா, பஞ்சுபோன்ற துணியா என்று தேர்வு இருந்தால் பொடிப்பனியில் நைலான் வலையே மேல். துணி ஃபில்டரில் பனி உருகி மறுபடி உறைந்தால் காற்று அடைத்துக்கொள்ளும், தட்டினால் போகாது. வலையைக் கழற்றி ஒரு உதறு உதறினால் போதும்.

பேட்டரி: சார்ஜ் இருக்கிறது, ஆனால் வராது

பேட்டரி மெஷினில் கார்புரேட்டர் இல்லை, ஃபில்டர் இல்லை, ஓவராகிற பிளக் இல்லை. பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரக்குளிரில் அது பெட்ரோலைவிட நிம்மதி. அதற்குக் கீழே இறங்க இறங்கக் கணக்கு மாறும்.

லித்தியம் அயன் செல்லுக்குள் உள்ள திரவம் குளிரில் கெட்டியாகி, அயனிகள் நகர்வது மந்தமாகும், உள்தடை கூடும். 36 வோல்ட் பேட்டரியிலிருந்து 1500 வாட் இழுத்தால் 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். உள்தடை கூடிய பேட்டரியில் அந்த இழுப்பில் வோல்டேஜ் சரிந்து, காவல் சர்க்யூட் மெஷினை நிறுத்திவிடும். பேட்டரியில் மூன்று விளக்கு எரிந்துகொண்டிருக்கும், தடிமரத்தின் நடுவில் மெஷின் நின்றிருக்கும். பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 0 டிகிரியில் இழப்பு ஓரளவுதான், மைனஸ் 20-ல் அதே பேட்டரி பாதி வேலைகூடக் கொடுக்காமல் போகலாம்.

இதற்கு வழி உண்டு. பேட்டரியை மெஷினில் மாட்டியபடி இரவில் கொட்டகையில் விடாமல், வீட்டுக்குள் வைத்து, வேலையிடத்துக்கு மூடிபோட்ட தெர்மாகோல் பெட்டியில் எடுத்துப் போகலாம். உள்ளே துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் ஒன்று வைத்தால் மதியம் வரை தாங்கும். ஹீட்டர் மேலோ எஞ்சின் மேலோ வைத்துச் சூடாக்கக் கூடாது. மாட்டியதும் முதல் இரண்டு மூன்று நிமிடம் சில்லறைக் கிளைகளை அறுத்தால், ஓடும் கரண்டிலேயே பேட்டரி உள்ளுக்குள் சூடேறும். அதன்பிறகு தடிமரம். இடைவேளைக்கு நிறுத்தினால் பேட்டரியைக் கழற்றிக் கோட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம். சில கம்பெனிகள் இடுப்புப் பெல்ட்டில் பேட்டரியை வைத்துக் கேபிளில் மெஷினுக்குக் கொடுக்கும் அமைப்பும் விற்கின்றன. பேட்டரி கோட்டுக்குள்ளேயே இருப்பதால் குளிரில் அதற்குத் தனி மதிப்பு. மெஷினும் ஒன்றரை கிலோ அளவுக்கு இலகுவாகும்.

குளிர்ந்த பேட்டரியைச் சார்ஜில் போடக் கூடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல்லின் எதிர்முனையில் உலோகமாகவே படியும். கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், உள்ளே ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. அதனால் கையேடுகள் சார்ஜ் ஏற்ற பொதுவாக 5 முதல் 40 டிகிரி என்றே சொல்லும், நல்ல சார்ஜர் விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கும். வெளியிலிருந்து கொண்டுவந்த பேட்டரியின் மேல் வியர்வை பூக்கும், அதுவும் காய வேண்டும். ஒரு மணி நேரமாவது அறையில் வைத்துவிட்டுத் தான் சார்ஜர்.

எவ்வளவு பேட்டரி வேண்டும்? 36 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 180 வாட்-அவர். அரை லிட்டர் பெட்ரோல், நல்ல மெஷினில், செயினுக்குத் தருவது சுமார் 800 வாட்-அவர். ஒரு டேங்குக்கு நான்கு பேட்டரிக்கு மேல், குளிர்ந்தால் ஐந்து ஆறு. பேட்டரி மெஷின் சும்மா நிற்கும்போது எதையும் தின்பதில்லை என்பதால் கிளை கழிக்கும் வேலையில் இந்த வித்தியாசம் குறையும். தடிமரத்தைத் துண்டு துண்டாக அறுத்துத் தள்ளும் வேலையில் குறையாது.

ஒயர் மெஷின்

மோட்டாருக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை. பேட்டரிச் சரிவும் இல்லை. வீட்டோரம் விறகு அறுக்க, மூன்றிலும் மலிவு. ஆனால் சாதாரண பி.வி.சி. எக்ஸ்டென்ஷன் ஒயர் உறைகுளிரில் விறைத்துச் சுருளாகவே நிற்கும், காலை வாரும், மடித்தால் உறை வெடிக்கும். ரப்பர் உறையுள்ள ஹெச்07ஆர்என்-எஃப் ரகம் மைனஸ் 25 வரை வளையும். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் சுமார் 9 ஆம்பியர். 25 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. போதும். 50 மீட்டருக்கு 1.5 போட்டால் ஒயரிலேயே 10 வோல்ட் போகும், 2.5 போட வேண்டும். ஈரப்பனியில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. இல்லாமல் இதைத் தொடக்கூடாது. பனி பெய்துகொண்டிருந்தால் ஆர்.சி.டி. இருந்தாலும் தொடக்கூடாது. முடிந்தது.

செயின் ஆயில்: மூன்றுக்கும் பொதுவான சிக்கல்

பேட்டரி வாங்கினால் குளிர்காலப் பராமரிப்பே இல்லை என்று நினைப்பவர்கள் சறுக்குவது இங்கே. கோடைக்கால பார் ஆயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே கெட்டியாகி பம்ப்பில் ஏறாது. பம்ப்பை ஓட்டும் புழுப் பல்சக்கரம் பல மெஷின்களில் பிளாஸ்டிக், அது வழித்துக்கொள்ளும். பிறகு ஆயில் இல்லாத பார் நீலம் பாரிக்கும், செயின் நீளும்.

பெட்ரோல் மெஷினில் எஞ்சின் சூடு ஆயில் டேங்குக்கும் கொஞ்சம் பரவும். கால் மணி நேரம் ஓடினால் ஆயில் இளகிவிடும். பேட்டரி மெஷினில் அப்படிச் சூடு தருவது எதுவும் இல்லை. காலையில் கெட்டியாக இருந்த ஆயில் மாலையிலும் கெட்டிதான். அதனால் குளிர்கால ஆயில் பெட்ரோலைவிடப் பேட்டரிக்கே அதிக அவசியம். கடை ஊழியர்கள் இதைச் சொல்லிக் கேட்பது அரிது.

வாங்கும் குளிர்கால ஆயிலா, வீட்டில் இளக்கியதா? முதலாவதே நல்லது. அவசரத்துக்கு மூன்று பங்கு ஆயிலுக்கு ஒரு பங்கு சுத்தமான மண்ணெண்ணெய் அல்லது டீசல் கலக்கலாம். செயின் தயாரிக்கும் ஓரிகன் கம்பெனியே இந்த 25 சதவீதத்தைச் சொல்கிறது, கூடவே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆயில் விட வேண்டும் என்றும். காரணம், இளக்கும்போது ஒட்டும் தன்மையும் போய் செயின் முனையில் சிதறிவிடும். பம்ப் ஸ்க்ரூ உள்ள மெஷினில் ஆயிலைக் கூட்டலாம். வீட்டு உபயோகப் பேட்டரி மெஷின்கள் பலவற்றில் அந்த ஸ்க்ரூ கிடையாது, அவற்றுக்குக் கலவை வேண்டாம். பெட்ரோல் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும். பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டாம், அதிலுள்ள உலோகத்தூள் பம்ப்பையும் பாரையும் தின்னும்.

வாங்கிய ஆயில் தேறுமா என்று அறிய ஒரு இரவு பாட்டிலை வெளியே வைத்துக் காலையில் சாய்த்துப் பார்த்தால் போதும். மெஷினில் ஆயில் வருகிறதா என்பதைப் பனி மீதே பார்க்கலாம். பார் முனையைப் பனிக்கு 20 செ.மீ. மேலே பிடித்து முக்கால் வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டினால் வெள்ளையில் ஒரு பழுப்புக் கோடு விழ வேண்டும். பனியைத் தொட்டுவிடாமல் பிடிக்கவும், அடியில் கல் இருக்கும்.

உறைந்த மரமும் செயினும்

ஈரமரம் உறைந்தால் உள்ளே உள்ள தண்ணீர் கல்லாகிவிடும். பல் முனை சதுரமாக உள்ள முழு உளி செயின் கூராக இருக்கும்போது வேகம், ஆனால் உறைந்த மரத்திலும் மண் கலந்த பனியிலும் அதன் கூர்முனை சீக்கிரம் போகும். முனை சற்று உருண்ட அரை உளி செயின் கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும் அதிக நேரம் கூர் நிற்கும். மேல் கோணம் 30 டிகிரி உள்ள செயினை 25-க்கு அரம் போட்டால் முனை உறுதியாகும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள ஆழ அளவி மேட்டை 0.65 மி.மீ. என்ற வழக்கமான அளவிலேயே விடவும். அதிகமாகத் தேய்த்தால் பல் உறைமரத்தைக் கவ்வி, பெட்ரோல் மெஷின் உதறும், பேட்டரி மெஷின் ஓவர்லோடில் நிற்கும். மணிக்கொரு முறை இரண்டு இழுப்பு அரம் போதும். உறைந்த மரத்தில் கூரான செயினிலும் தூள் பொடியாகத்தான் விழும், அதை வைத்து மழுங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

காலையில் செயின் பார் பள்ளத்தில் உறைந்து ஒட்டியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அல்லது சுவிட்சை ஆஃபில் வைத்து, கையுறையோடு செயினை இழுத்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. ஒட்டிய செயினோடு ட்ரிகரை அழுத்தினால் பேட்டரி மெஷின் எரர் காட்டி நின்றுகொள்ளும், தப்பித்தது. பெட்ரோல் மெஷினில் கிளட்ச் வழுக்கிக் கருகும்.

அதிர்விலும் வித்தியாசம் உண்டு. ரப்பர் குஷன் உள்ள பெட்ரோல் மெஷின்களில் குளிரில் ரப்பர் இறுகி அதிர்வு கைக்கு வரும். ஸ்டீல் ஸ்பிரிங் உள்ளவற்றில் அப்படி ஆகாது. குளிர்ந்த விரல்களும் அதிர்வும் சேர்ந்தால் விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் சீக்கிரம் வரும். பேட்டரி மெஷின்களில் அதிர்வு பொதுவாகக் குறைவு.

எதை எடுப்பது

மைனஸ் 5 வரை, ஈரக்குளிர், கிளை கழிப்பதும் 20 செ.மீ. வரை விறகும் என்றால் பேட்டரி மெஷின், கூடவே இரண்டு பேட்டரியும் குளிர்கால ஆயிலும். மைனஸ் 15-க்குக் கீழே, வீட்டிலிருந்து தூரம், நாள் முழுக்க வேலை என்றால் பெட்ரோல்தான், முடிந்தால் எலக்ட்ரானிக் கார்புரேட்டரும் கைப்பிடிச் சூடும் உள்ளது. பேட்டரியை இரவில் உள்ளே கொண்டுவர இடமில்லாதவரும் பெட்ரோலையே எடுக்கலாம். ஒயர், வீட்டுச் சுவரிலிருந்து 25 மீட்டருக்குள் விறகு கிடந்தால் மட்டும்.

வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்தி வைக்க வேண்டும். சூட்டில் நீண்டபோது இறுக்கிய செயின் குளிர்ந்து சுருங்கினால் கிராங்க் பேரிங்கை இழுக்கும். ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) மூடியைத் திறந்து, ஆயிலும் தூளும் பனியும் சேர்ந்த சேற்றை அது உறைவதற்குள் சுரண்டி எடுக்க வேண்டும். பெட்ரோல் டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே காற்று குறையும், அதில் வியர்க்கும் தண்ணீரும் குறையும். அந்த மெஷினைக் குளிர்ந்த கொட்டகையிலேயே விடலாம், சூடான வீட்டுக்குள்ளும் வெளியிலுமாக மாற்றினால்தான் ஒவ்வொரு தடவையும் வியர்த்து ஈரம் சேரும். பேட்டரி மட்டும் வீட்டுக்குள். பல நாள் தொடமாட்டோம் என்றால் பாதி சார்ஜில் வைக்கலாம். காலையில் மூன்று மெஷினிலும் முதலில் பார்க்க வேண்டியது செயின் பிரேக். முன் தடுப்பைத் தள்ளினால் 'டக்'கென்று விழ வேண்டும், இழுத்தால் திரும்ப வேண்டும். பிரேக் பட்டையில் பனி உறைந்திருந்தால் அது அசையாது. அந்த ஒரு நிலைமைக்கு மட்டும் மெஷினை வீட்டுக்குள் கொண்டுவந்து, முழுதாக உருகவிட்டு, துடைத்துக் காயவைத்த பிறகே வெளியே எடுக்கவும்.